புது லேப்டாப் வாங்குவதற்கு முன்னால்

போன வருஷம் ஒரு மத்தியானம் அச்சகத்திலிருந்து போன். "தம்பி, மூணு வருஷம் முன்னாடி ஒரு கும்பாபிஷேக மலர் பண்ணினோமே, அதோட ஃபைனல் பிடிஎஃப் உடனே வேணும், பார்ட்டி கடையிலேயே உட்கார்ந்திருக்கார்." எனக்கு ஃபைல் பெயர் ஞாபகமில்லை. பெயரில் எங்கோ 'மலர்' என்று இருக்கும், அவ்வளவுதான் தெரியும். ஃபோல்டரின் மேல் மூலையில் இருக்கிற தேடல் பெட்டியில் அதை அடித்துவிட்டு, அந்தப் பச்சைக் கோடு ஊர்ந்து போவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். டீ போட்டுக் குடித்துவிட்டு வந்தும் கோடு முக்கால்வாசியில் நின்றுகொண்டிருந்தது. அதற்குள் அச்சகத்து அண்ணன் மூன்று முறை போன் அடித்துவிட்டார்.

அன்று சாயங்காலம் நண்பன் ஒருவனிடம் புலம்பியபோது, "2017 லேப்டாப்பை வெச்சுக்கிட்டு மாரடிக்கிற, புதுசு வாங்கு" என்றான். வாங்கியிருப்பேன், கையில் காசு இல்லை. வேறு வழியில்லாமல் தேடப் போய்த்தான் 'எவ்ரிதிங்' கண்ணில் பட்டது.

ஆமாம், மென்பொருளின் பெயரே அதுதான். டேவிட் கார்பென்டர் என்பவர் எழுதி, வாய்ட்டூல்ஸ் என்ற பெயரில் இலவசமாகக் கொடுக்கிறார். திறந்தால் ஒரே ஒரு பெட்டி, கீழே பட்டியல். 'ம' அடித்தால் ஆயிரக்கணக்கில் காட்டும், 'மல' என்றால் நூற்றுக்கணக்கு, 'மலர்' என்று முடிக்கும்போது பத்துப் பன்னிரண்டுதான் மிஞ்சும். எண்டர் தட்டக்கூட வேண்டாம். முதல் தடவை பார்த்தபோது, ஏதோ பழைய தேடலின் முடிவைக் காட்டி ஏமாற்றுகிறது என்றுதான் நினைத்தேன்.

விஷயம் என்னவென்றால், என்டிஎஃப்எஸ் என்ற, விண்டோஸின் வழக்கமான முறையில் ஃபார்மேட் செய்த ஒவ்வொரு டிரைவும் தன்னிடம் இருக்கும் எல்லா ஃபைலுக்கும் ஒரு பதிவேடு வைத்திருக்கிறது. மாஸ்டர் ஃபைல் டேபிள் என்று பெயர். சாதாரணத் தேடல் ஃபோல்டர் ஃபோல்டராக இறங்கிப் போகும், ஊரில் சுப்பையாவைத் தேடி ஒவ்வொரு வீட்டுக் கதவாகத் தட்டுகிற மாதிரி. எவ்ரிதிங் நேராகப் போய் வாக்காளர் பட்டியலை எடுத்து வைத்துக்கொள்கிறது. அதற்குப் பிறகு எந்த ஃபைல் புதிதாக வந்தது, எது அழிந்தது என்பதை விண்டோஸ் எழுதிக்கொண்டே வரும் மாற்றப் பதிவிலிருந்து தெரிந்துகொள்ளும், மறுபடி முழுதாகத் துழாவுவதில்லை. சுமார் 1,20,000 ஃபைல்களைப் பட்டியலிட ஒரு வினாடி, பத்து லட்சம் என்றால் ஒரு நிமிடம் என்பது அவர்கள் சொல்லும் கணக்கு. பத்து லட்சம் ஃபைலுக்கும் மெமரியில் 75 எம்பி போலத்தான் எடுக்கும் என்கிறார்கள். என் பழைய பெட்டியிலும் கிட்டத்தட்ட அப்படித்தான் நடந்தது.

ஒன்று சொல்லிவிடுகிறேன், இது தேடுவது பெயரைத்தான். ஃபைலுக்கு உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று தேடச் சொன்னால் தேடும், ஆனால் அந்த வேகம் இருக்காது. அதனால் என் பழக்கம்தான் மாறியது. முன்பெல்லாம் 'ஃபைனல்', 'ஃபைனல் புதுசு', 'ஃபைனல் இதுதான்' என்று வைப்பேன். இப்போது வாடிக்கையாளர் பெயர், வேலை, மாதம், வருஷம் எல்லாம் பெயரிலேயே வந்துவிடும். எந்த ஃபோல்டரில் போட்டேன் என்பதைப் பற்றிக் கவலைப்படுவதே இல்லை. இரண்டு சொல்லை இடைவெளி விட்டு எந்த வரிசையில் அடித்தாலும், இரண்டும் இருக்கிற ஃபைலைக் கொண்டுவந்து நிறுத்திவிடும்.

தமிழில் பெயர் வைப்பவர்களுக்கு ஒரு சின்னச் சிக்கல் உண்டு. 'கோ' என்பதில் வரும் ஓகாரக் குறியை, எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடில் ஒரே குறியாகவும் வைக்கலாம், இரட்டைக் கொம்பையும் காலையும் தனித்தனியாகவும் வைக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். என்டிஎஃப்எஸ் இரண்டையும் வேறு வேறு பெயராகத்தான் எடுத்துக்கொள்ளும், ஒரே ஃபோல்டரில் 'கோவில்' என்று இரண்டு ஃபைல் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும், நமக்கு மண்டை காயும். பழைய மேக் கணினியிலிருந்து வருகிற ஃபைல்களில் இப்படிப் பிரிந்து இருக்க வாய்ப்பு அதிகம். நான் இந்த மாதிரி எழுத்தையே தவிர்த்துவிட்டு 'வில்' என்று மட்டும் அடித்துத் தேடிக்கொள்கிறேன்.

இதே பதிவேட்டைப் படிக்கும் வித்தையை வைத்து இன்னொன்று இருக்கிறது, 'விஸ்ட்ரீ'. டிரைவ் நிறைந்துவிட்டது என்று சிவப்பு காட்டினால் இதைத் திறங்கள், எது எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்பதைப் பெரிதும் சிறிதுமான கட்டங்களாகப் போட்டுக் காட்டிவிடும். எனக்கு 40 ஜிபி கட்டம் ஒன்று வந்தது, பார்த்தால் விற்றுவிட்ட பழைய போனின் பேக்கப். சொந்த உபயோகத்துக்கு இலவசம், ஆபீஸில் போடுவதென்றால் உரிமம் வாங்க வேண்டும். இப்படிக் கட்டம் போட்டுக் காட்டும் யோசனைக்குப் பின்னால் ஒரு கதை உண்டு. மேரிலேண்ட் பல்கலைக்கழகத்தில் பென் ஷ்னைடர்மன் என்ற பேராசிரியரின் ஆய்வுக்கூடத்தில் 80 எம்பி ஹார்ட் டிஸ்க் ஒன்றை 14 பேர் பங்கு போட்டுக்கொண்டிருந்தார்கள், அது அடிக்கடி நிரம்பிவிடும். யார் அடைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று கண்டுபிடிக்கத்தான் 1990இல் இதை யோசித்தார். 80 எம்பி! எனக்கு வரும் அட்டைப்பட ஃபைல் ஒன்றே அதைவிடப் பெரிது.

அப்புறம் 'டிட்டோ'. நாள் முழுக்கக் காப்பி பேஸ்ட் செய்கிறவர்களுக்கு இது இல்லாமல் எப்படி இருந்தோம் என்று தோன்றும். ஒன்றைக் காப்பி செய்துவிட்டு, ஒட்டுவதற்கு முன் இன்னொன்றைக் காப்பி செய்து, முதலில் எடுத்ததைத் தொலைக்காதவர் யார்? டிட்டோ எல்லாவற்றையும் சேர்த்து வைத்துக்கொள்கிறது. கன்ட்ரோல் விசையோடு எஸ்கேப்புக்குக் கீழே இருக்கும் விசையைத் தட்டினால் பட்டியல் வரும், அதிலும் தேடலாம். விண்டோஸிலேயே இந்த வசதி 2018 கடைசியில் வந்தது, விண்டோஸ் விசையும் வி விசையும் சேர்த்துத் தட்டிப் பாருங்கள். ஆனால் அது 25 வரைக்கும்தான் வைத்துக்கொள்ளும், 'பின்' செய்து குத்தி வைக்காதவை ரீஸ்டார்ட் செய்தால் போய்விடும். டிட்டோவில் போன வாரம் எடுத்ததும் இருக்கும். இதில்தான் ஆபத்தும், பாஸ்வேர்டைக் காப்பி செய்தால் அதுவும் போன வாரத்திலிருந்து இருக்கும். பேங்க் வேலை பார்த்த பிறகு பட்டியலில் அதை அழித்துவிடுவது என் வழக்கம்.

நாம் சொல்லும் வேலையை விசைகளோடு கட்டிவைக்கும் 'ஆட்டோஹாட்கீ' பற்றித் தனியாகவே எழுத வேண்டும், 2003லிருந்து இருக்கிறது, அதைக் கொண்டு என்னென்னவோ செய்கிறார்கள். நான் செய்வது ஒன்றே ஒன்று. கமா போட்டு ஏ, டி என்று இரண்டெழுத்து அடித்து ஸ்பேஸ் தட்டினால் என் முழு முகவரியும் பின்கோடோடு விழும். இன்னொரு இரண்டெழுத்துக்கு, "புரூஃப் இணைத்திருக்கிறேன், திருத்தங்களை ஒரே தடவையாகக் குறித்து அனுப்பவும்" என்று விழும். அந்த 'ஒரே தடவையாக' என்பதை யாரும் மதிப்பதில்லை, அது வேறு கதை. இதற்குத் தேவையானது நோட்பேடில் இரண்டு வரிதான். பழைய பதிப்பில் தமிழ் எழுத்துகள் குப்பையாக வந்து விழும், ஃபைலைச் சேமிக்கும்போது யூனிகோடு அடையாளத்தோடு சேமிக்க வேண்டும். 2022 கடைசியில் வந்த இரண்டாம் பதிப்பில் அந்தத் தொல்லை இல்லை.

பிடிஎஃப் படிக்க 'சுமத்ரா'. நொடியில் திறக்கும், விளம்பரம் கிடையாது, கையெழுத்துப் போடு, கணக்குத் தொடங்கு என்று நச்சரிக்காது. லேஅவுட் செய்கிறவர்களுக்கு இன்னொரு லாபம், ஃபைலைப் பூட்டி வைக்காது. சுமத்ராவில் பிடிஎஃப் திறந்திருக்கும்போதே அதே பெயரில் மறுபடி எக்ஸ்போர்ட் செய்யலாம், ஜன்னல் தானாகப் புதுப் பக்கத்தைக் காட்டும். முன்பு வைத்திருந்த ரீடரில் ஒவ்வொரு தடவையும் மூடி, எக்ஸ்போர்ட் செய்து, திறந்து, பக்கம் 46ஐத் தேடிப் போக வேண்டும்.

என்னிடம் வரும் கையெழுத்துப் பிரதிகளில் பாதி இன்னும் யூனிகோடு அல்லாத பழைய பாமினி எழுத்துருவில் வருகிறது, இல்லையென்றால் வானவில்லில். தமிழ்நாடு அரசு 2010லேயே யூனிகோடுக்கு ஆணை போட்டுவிட்டது, ஊருக்குள் இன்னும் முழுசாக வந்து சேரவில்லை. எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் 'அம்மா' இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக நிற்கும். இதையெல்லாம் யூனிகோடுக்கு மாற்றித் தருகிற, நியூ ஹொரைசன் மீடியா வெளியிட்ட என்எச்எம் கன்வர்ட்டர் எனக்கு இன்றும் சோறு போடுகிறது. பழைய மென்பொருள்தான், பார்க்கவும் பழசாகத்தான் இருக்கும், வேலையைச் செய்துவிட்டுப் போகிறது.

இவற்றை இறக்கும்போது அந்தந்த மென்பொருளின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். தேடலில் முதலில் வரும் விளம்பரச் சுட்டியைத் தட்டி ஒரு தடவை நான் பட்டிருக்கிறேன். பிரவுசரின் முகப்பே மாறிப்போய், அதைச் சரிசெய்ய ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிற்று.

சரி, அச்சகத்து அண்ணனுக்கு வருவோம். அவர் கடைக் கணினியிலும் எவ்ரிதிங் போட்டுக் கொடுத்தேன். நிறுவும்போது சர்வீஸாக, அதாவது பின்னணியில் எப்போதும் ஓடும்படி, போடவா என்று கேட்கும், அந்தப் பதிவேட்டைப் படிக்க அட்மின் உரிமை வேண்டும் என்பதால் சரி என்று தட்டிவிட்டேன். ஒரு வாரம் போன் இல்லை. அப்புறம் ஒரு நாள் ராத்திரி ஒன்பது மணிக்கு வந்தது, குரல் ரொம்பத் தணிவாக.

"தம்பி, அந்த ஆரஞ்சு லென்ஸ்ல நான் வீட்டு விஷயமா வெச்சிருந்த ஸ்கேன் எல்லாம் வருதே. பையன் தேடினாலும் வருமா?"

வரும். சர்வீஸாகப் போட்டால் அதே கணினியில் வேறொரு பயனர் கணக்கில் இருக்கிற ஃபைல்களின் பெயர்கூடத் தெரியும், திறக்கத்தான் முடியாது. மறுநாள் போய் ஆப்ஷன்ஸில் விலக்கு என்ற பகுதியில் அவருடைய ஃபோல்டரைச் சேர்த்தேன், பட்டியலிலிருந்து போய்விட்டது. அண்ணன் அடித்துப் பார்த்துத் திருப்தியானார். நான் கிளம்பும்போது அந்த ஃபோல்டருக்கு 'மிக்சி வாரண்டி' என்று பெயர் மாற்றிக்கொண்டிருந்தார். பெயர் மாற்றினால் விலக்கு செல்லாது, பழைய பெயரைத்தானே சேர்த்தேன். திரும்பிப் போய் இன்னொரு தடவை உட்கார்ந்தேன்.