ஸ்கேன் அறையில் ஒரு கணக்கு

"பெண் குழந்தை" என்றார் டாக்டர். மலேசியாவின் சுங்கை சிப்புட் கிளினிக்கில் இன்று அண்ணிக்கு 20 வார ஸ்கேன்.

அம்மா அதற்குள் பேர் தேட ஆரம்பித்துவிட்டார். எனக்கு மனசு வேறெங்கோ போனது.

இந்த வயதுக் கருவின் சூலகத்தில் ஏறக்குறைய 6, 7 மில்லியன் முட்டைச் செல்கள் இருக்கும். வாழ்நாளின் உச்சமே இதுதான். பிறப்பதற்குள் 1, 2 மில்லியனாகக் குறையும். வயதுக்கு வரும்போது 300,000 முதல் 400,000 வரை மிஞ்சும்.

அவற்றின் மூதாதைச் செல்கள் சூலகத்திலேயே பிறந்தவையும் அல்ல. கருவோடு ஒட்டியிருக்கும் மஞ்சள்கருப் பையின் சுவரிலிருந்து ஊர்ந்து வந்து குடியேறியவை, நம் தாத்தாக்கள் கப்பலேறி வந்த மாதிரி.

சூலகத்தில் சேர்ந்தவை கருவிலேயே குன்றல் பிரிவை (குரோமோசோம் எண்ணிக்கையைப் பாதியாக்கும் செல் பிரிவு) தொடங்கி, பாதியில் நின்று, ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும். ஆண் கருவின் விதையகத்தில் சேர்ந்தவை அதைத் தொடங்குவதே பருவ வயதில்தான். (பையன்கள் அங்கேயும் லேட்!)

அப்படியானால், பாட்டி அம்மாவை வயிற்றில் சுமந்துகொண்டு தோட்டத்தில் பால்மரம் வெட்டப் போனபோது, நானாகப் போகும் முட்டையும் கூடவே ரப்பர் மர நிரைக்குப் போயிருக்கிறது.

வரும் வழியில் அம்மாவிடம் சொன்னேன்.

"அப்போ ஆள் கணக்கு எழுதுற கிராணி உனக்கும் பேர் போட்டிருக்கணுமே!"