கருப்பைவாய்ப் பரிசோதனைக்கு மூன்று நடை

தாராவியில் எங்கள் சந்துக்கு வந்த சுகாதாரப் பணியாளர், என் வயது 38, இடுப்பளவு 92 சென்டிமீட்டர், அப்பாவுக்குச் சர்க்கரை நோய், எனக்கு உடற்பயிற்சி கிடையாது என்று வரிசையாகக் குறித்துக்கொண்டு, நோய் வரும் அபாயத்துக்கு 6 மதிப்பெண் போட்டார். கூடக்கூடக் கவலைப்பட வேண்டிய மதிப்பெண் இது. 4-ஐத் தாண்டினால் முன்னுரிமை கொடுத்துப் பரிசோதிக்க வேண்டுமாம். அதுவரை எல்லாம் ஒழுங்காகவே நடந்தது.

முதல் நாள், மருந்தகத்தின் (டிஸ்பென்சரி) பதிவு மேசையில் இருந்தவர் 14 இலக்க ஆபா எண் (அரசின் டிஜிட்டல் சுகாதாரக் கணக்கு எண்) இல்லாமல் சீட்டு போட முடியாது என்றார். என் ஆதாரோடு இணைந்த கைப்பேசி எண் திருநெல்வேலியில் அப்பாவிடம் இருக்கிறது. ஓடிபி கேட்டு அழைத்தால், "இரும்மா, கண்ணாடிய எடுத்துட்டு வாரேன்" என்று போனவர் திரும்பி வந்து எண்களை வாசிப்பதற்குள் நேரம் கடந்துவிட்டது; இரண்டாவது முயற்சியும் அப்படியே போயிற்று. ஆபா எண் விருப்பத்தின்பேரில் எடுத்துக்கொள்வதுதான், அது இல்லையென்று யாருக்கும் சிகிச்சையை மறுக்கக் கூடாது என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. அரை நாள் கூலி போனது போனதுதான்.

இரண்டாம் நாள் அதைச் சொல்லியே சீட்டு வாங்கினேன். இரத்த அழுத்தம், விரல் நுனியில் குத்திச் சர்க்கரை, இரண்டும் பத்து நிமிடத்தில் முடிந்தன. (இதற்கு வெறும் வயிறு தேவையில்லை, தெரியாமல் நான் பட்டினி கிடந்தேன்.) வாசலுக்கு வந்து, பரிசோதனை முடிவுகளை எழுதித் தந்த அட்டையைப் பிரித்துப் பார்த்தால் வாய், மார்பகம், கருப்பைவாய் என்ற மூன்று கட்டங்களிலும் 'நார்மல்' என்று எழுதியிருந்தது. என்னை வாயைத் திறக்கக்கூட யாரும் சொல்லவில்லை. திரும்பிப் போய்க் கேட்டேன். செவிலியர் நிமிராமலே, "காஹீ த்ராஸ் ஆஹே கா?" (ஏதாவது தொந்தரவு இருக்கா?) என்று மராத்தியில் கேட்டார். தொந்தரவு ஏதும் இல்லை என்றேன். அப்படியானால் நார்மல்தானே என்றார். தொந்தரவு தொடங்குவதற்கு முன்பே கண்டுபிடிப்பதற்காகத்தான், 30 வயதைக் கடந்தவர்களுக்கு அழுத்தமும் சர்க்கரையும் ஆண்டுதோறும், இந்த மூன்று புற்றுநோய்ச் சோதனைகள் 5 ஆண்டுக்கு ஒரு முறையும் என்று திட்டம் வகுத்திருக்கிறார்கள். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், 30 முதல் 49 வயதுள்ள பெண்களில் கருப்பைவாய்ப் பரிசோதனை ஒரு முறையாவது செய்துகொண்டவர்கள் 1.9 விழுக்காடுதான். அந்தச் சொற்ப எண்ணிக்கையிலும் என் அட்டையைப் போல எத்தனை இருக்குமோ என்ற சந்தேகம் எனக்கு இன்னும் தீரவில்லை.

கருப்பைவாய்ப் பரிசோதனைக்குப் பயிற்சி பெற்ற செவிலியர் புதன்கிழமை மட்டுமே வருவார் என்பதையும் கேட்டுத்தான் வாங்க வேண்டியிருந்தது. மாதவிலக்கு நாட்களில் இச்சோதனையைச் செய்ய மாட்டார்கள். இதை யாரும் முன்கூட்டிச் சொல்லாததால், மூன்றாம் நடையில் எனக்கு முன்னால் நின்ற ஒரு பெண் திரும்பிப் போனார். நான் நாள் கணக்கு பார்த்துவிட்டுப் போயிருந்தேன்.

அறைக்குள் வினிகர் வாடை அடித்தது. நீர்த்த அசிட்டிக் அமிலத்தைப் பஞ்சில் தொட்டுக் கருப்பைவாயில் தடவி, ஒரு நிமிடம் பொறுத்து, வெண்மையாக மாறுகிறதா என்று பார்க்கிறார்கள். சற்றுக் கூச்சமாக இருந்தது, வலிக்கவில்லை. முடிவையும் அப்போதே சொல்லிவிட்டார்கள். மார்பகத்தையும் வாயையும் நானாகக் கேட்டுப் பார்க்கச் சொன்னேன். பொத்தாம்பொதுவாக 'செக்கப்' என்று கேட்டால் விரலில் குத்தி அனுப்பிவிடுவார்கள். மூன்றையும் பெயர் சொல்லிக் கேளுங்கள், அட்டையை அங்கேயே நின்று படித்துப் பாருங்கள்.

பழைய மூன்று 'நார்மல்'களையும் அடித்துவிட்டு, அன்றைய தேதியிட்டுப் புதிதாக எழுதித் தரும்படி கேட்டேன். அந்தச் செவிலியர் ஒரு நொடி என்னைப் பார்த்தார். பிறகு சிவப்புப் பேனாவை எடுத்தார்.