முதல் பேட்ச் அனுப்புகிறவருக்குப் பதில் எழுதிய அனுபவம்

பாம்பனில் வீட்டிலிருந்தபடியே சின்ன ஓப்பன் சோர்ஸ் செயலி ஒன்றைப் பார்த்துக்கொள்கிறேன். காற்று வேகத்தையும் அலை உயரத்தையும் தமிழில் காட்டும், அவ்வளவுதான். வெளியிலிருந்து பேட்ச், அதாவது மற்றவர்கள் நிரலில் திருத்தம் செய்து அனுப்புவது, வர ஆரம்பித்தபோது, நிரல் மாற்றங்களைப் பதிவுசெய்யும் கிட் (Git) தெரிந்தால் போதும் என்றிருந்தேன்.

முதலில் வந்த பேட்ச்சுக்குப் பத்து நாள் கழித்துத்தான் பதில் போட்டேன். அதுவும் வரிக்கு வரி குறிப்பு, இங்கே இடைவெளி கூடுதல், அங்கே பெயர் சரியில்லை என்று. பாவம், எல்லாவற்றையும் திருத்தி அனுப்பினார். அதற்கப்புறம் யோசித்து, இந்த வசதியே நமக்கு வேண்டாம் என்று மூடிவிட்டேன். அவர் திரும்ப வரவில்லை. வேண்டாம் என்பதை முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும், இன்றும் உறுத்துகிறது.

அடுத்தது கீழக்கரையிலிருந்து ஒரு கல்லூரி மாணவி. காற்று வேகத்தை நாட் (மணிக்கு ஒரு கடல் மைல்) கணக்கிலிருந்து கிலோமீட்டருக்கு மாற்றும் பேட்ச், பெருக்கியிருந்த எண் 1.609. அது தரை மைல். கடல் மைல் என்றால் 1.852 கிலோமீட்டர். 25 நாட் காற்றுக்கு 46 காட்ட வேண்டிய இடத்தில் 40 காட்டும், செயலியோ 45-ஐத் தாண்டினால்தான் சிவப்பாக மாறும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான தடைக்காலம் விசைப்படகுக்குத்தான், கச்சான் காற்று அடிக்கிற அந்த நாட்களிலும் வல்லம் என்கிற நாட்டுப்படகு போய்க்கொண்டுதான் இருக்கும். பச்சையைப் பார்த்துவிட்டு ஒருவர் கிளம்பினால்?

அன்று இரவே எழுதினேன். இந்த வசதி எங்களுக்கு வேண்டும், கண்டிப்பாகச் சேர்ப்போம் என்று முதல் வரியிலேயே சொல்லிவிட்டேன். பிறகு அந்த ஒரே விஷயம்: "25 போட்டு ஓட்டிப் பாருங்கள், 46.3 வர வேண்டும்." அதையே டெஸ்டாகவும் எழுதிக் கொடுத்தேன். இடைவெளி, இன்டென்ட் பற்றி ஒரு வார்த்தை இல்லை, அதைத் தானாகச் சரிசெய்ய ஃபார்மேட்டரைப் போட்டுவிட்டேன். மாற்றத்தோடு சேர்த்து எழுதும் குறிப்பான கமிட் செய்தியில் என்ன மாற்றினோம் என்பதோடு ஏன் மாற்றினோம் என்பதையும் எழுதச் சொன்னேன்.

மறுநாள் காலையிலேயே பதில். "அண்ணா, மைல் எல்லாம் ஒண்ணுதான்னு நினைச்சேன். வாப்பாட்ட கேட்டேன், கடல் மைல் வேறன்னாங்க." திருத்தம் சரியாக இருந்தது, மெர்ஜ் செய்து செயலியில் சேர்த்துவிட்டேன். கூடவே ஒரு கேள்வியும் கேட்டிருந்தார்: "அலை சரியா 2 மீட்டர்னா பச்சைதான் காட்டுது, அப்படித்தான் இருக்கணுமா?"

இருக்கக் கூடாது. அந்த வரியை எழுதியது நான்தான், ஒப்பீட்டில் சமக்குறி விட்டுப்போயிருக்கிறது. அதற்கான பேட்ச்சை நான் அனுப்பினேன், ரிவ்யூ அவரைப் பார்க்கச் சொன்னேன்.