சித்தப்பாவின் ஜீப்பும் சின்னப் பூட்டும்

இரண்டாம் உலகப் போரில் ஓடிய வில்லிஸ் ஜீப்பில் பெட்ரோல் டேங்க் ஓட்டுநர் இருக்கைக்கு அடியில் இருக்கும். மூடியும் அங்கேயேதான். பெட்ரோல் போட வேண்டுமென்றால் ஓட்டுநர் எழுந்து மெத்தையைத் தூக்க வேண்டும். திருட வேண்டுமென்றாலும் முதலில் ஓட்டுநரை எழுப்பியாக வேண்டும். இதைவிட நல்ல பூட்டு இன்னும் வரவில்லை என்பது என் அபிப்பிராயம். 1945-ல் அதே ஜீப்பைப் பொதுமக்களுக்கு விற்க ஆரம்பித்தபோது, வசதியாக இருக்கட்டும் என்று மூடியை வெளிப்பக்கம் கொண்டுவந்து வைத்தார்கள். எங்கள் சித்தப்பாவிடம் இருப்பது அந்த வசதியான ரகம்.

பெட்ரோல் காணாமல் போகிறது என்று கண்டுபிடிக்கவே நாளாயிற்று. அந்த ஜீப்பில் பெட்ரோல் முள் எப்போதோ படுத்துவிட்டது. சித்தப்பா ஒரு மர ஸ்கேலை டேங்குக்குள் விட்டு, ஈரம் எதுவரை ஏறியிருக்கிறது என்று பார்த்துத்தான் கணக்கு வைப்பார். ஜீப் குடிப்பது எவ்வளவு, மற்றவர்கள் குடிப்பது எவ்வளவு என்று ஸ்கேல் சொல்லுமா? கடைசியில் ஒருநாள் காலையில் பின்சக்கரத்தின் அருகே ஒரு முழ நீள ரப்பர் குழாய் கிடந்தது. ஒரு நுனியில் பல் பதிந்திருந்தது. வாயால் உறிஞ்சியிருக்கிறான். பெட்ரோல் தப்பித் தவறி நுரையீரலுக்குள் போனால் ஆளையே படுக்கவைத்துவிடும். "பாவம், இருமிக்கிட்டே போயிருப்பான்" என்றார் சித்தி. சித்தப்பாவுக்கு அந்த அனுதாபம் பிடிக்கவில்லை.

சரி, பூட்டு போடலாம் என்று முடிவாயிற்று. மூடியில் ஒரு காது, டேங்கின் கழுத்தில் ஒரு காது, இரண்டிலும் துளை. பூட்டைக் கோத்துவிட்டால் மூடி திரும்பாது. இவ்வளவு எளிய வேலைக்கு சித்தப்பா பரணிலிருந்து இறக்கியது ஒரு காலத்தில் கிடங்குக் கதவில் தொங்கிய இரும்புப் பூட்டு. தூக்கினாலே மணிக்கட்டு வலிக்கும். அதன் வளையக் கம்பி என் சுண்டுவிரல் கனம். காதில் இருந்த துளையோ பென்சில் நுழையாத அளவு.

"துளையைக் கொஞ்சம் பெருசு பண்ணிட்டா போச்சு" என்று டிரில்லைத் தேடக் கிளம்பியவரை மெக்கானிக் அண்ணன்தான் தடுத்தார். "ஐயா, காது வெறும் தகடு. துளையைப் பெருசாக்கினா ஓரத்துல என்ன மிஞ்சும்? பூட்டு இரும்பா நிக்கும், காது காகிதமா கிழியும். இந்த மூடி போனா இன்னொண்ணுக்கு எங்க போவீங்க?"

எனக்குப் புத்தி தெளிந்தது அந்த இடத்தில்தான். வீட்டுக் கதவுக்குப் பூட்டு வாங்கும்போது எது வலுவானது என்று பார்ப்போம். பழைய வண்டியின் டேங்க் மூடிக்குப் பார்க்க வேண்டியது, அடி விழுந்தால் எது முதலில் போகும் என்பதை. பூட்டு போனால் இன்னொன்று வாங்கலாம். திருடன் கடப்பாறை வைத்து நெம்பும்போது பூட்டு அசையாமல் நின்று, காதும் கழுத்தும் பிய்ந்து வந்தால், போன பெட்ரோலைவிடப் பெரிய நஷ்டம் அது. டேங்க் பூட்டு சும்மா நடந்து போகிறவனின் ஆசையை அடக்கினால் போதும். கங்கணம் கட்டிக்கொண்டு வருகிறவனுக்கு வண்டியையே தள்ளிக்கொண்டு போகத் தெரியும்.

இது சித்தப்பாவுக்கு ஏறவில்லை. அடுத்து நம்பர் பூட்டு வந்தது. சாவி தொலையாதே என்பது அவர் வாதம். மூன்று சக்கரம், ஆயிரம் எண்கள். அவர் வைத்தது தன் பிறந்த தேதி, அது குடும்பத்தில் எல்லாருக்கும் தெரியும். அதாவது பரவாயில்லை. ராத்திரி பெட்ரோல் பங்க்கில் எண் தெரியவில்லை. கண்ணாடி வீட்டில். போன் வெளிச்சத்தில் பார்க்கலாம் என்று போனை எடுத்ததும் பங்க் ஊழியர் பதறிக்கொண்டு ஓடி வந்தார். பின்னால் வரிசை ஹாரன் அடித்தது. சித்தப்பா தன் பிறந்த தேதியைத் தடவித் தடவித் தேடிக்கொண்டிருந்தார். ஒரு வாரத் தூசி ஏறியதும் சக்கரங்கள் நகராமல் போக, பூட்டு தானாக ஓய்வு பெற்றது.

அப்புறம்தான் நான் சொன்ன 30 மில்லிமீட்டர் பித்தளைப் பூட்டுக்கு வந்தார். அந்த அளவில் வளையக் கம்பி பெரும்பாலும் 5 மில்லிமீட்டர். துளைக்குள் அலுங்காமல் போயிற்று. பித்தளை துருப்பிடிக்காது. மழைத் தண்ணீரோடு துரு வழிந்து பெயிண்டில் பழுப்புக் கோடு போடாது. இரும்போடு உரசினாலும் பொறி பறக்காது, பெட்ரோல் ஆவி வரும் இடத்தில் அதுவும் நல்லதுதான். ஆனால் பித்தளை முலாம் பூசிய இரும்பும் அதே பளபளப்போடு விற்கிறது. அதற்கு சித்தி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்த காந்தத்தை எடுத்து நீட்டினார். பூட்டின் உடம்பில் ஒட்டினால் உள்ளே இரும்பு. வளையம் எஃகு, அது ஒட்டத்தான் செய்யும். அதைப் பார்த்து ஏமாற வேண்டாம். சித்தப்பா அன்று மாலை வீட்டிலிருந்த எல்லாப் பூட்டுக்கும் காந்தப் பரிசோதனை நடத்தினார். முடிவுகள் சந்தோஷமாக இல்லை.

சாவித் துவாரத்தில் எண்ணெய் விட வேண்டாம் என்று மெக்கானிக் அண்ணன் எச்சரித்திருந்தார். எண்ணெயும் தூசியும் சேர்ந்தால் களிம்பாகிவிடும். கிராஃபைட் பொடி போட்டோம். துவாரம் கீழ்நோக்கித் தொங்குவதால் மழை உள்ளே நிற்காது.

வண்டி ஓடும்போது பூட்டு ஆடி ஆடி பெயிண்டைத் தட்டியது. டிங், டிங், டிங். சித்தப்பா பழைய டியூபை வெட்டினார். பூட்டுக்கு மட்டும் சின்ன உறை போட்டிருந்தால் கதை அங்கே முடிந்திருக்கும். அவர் மழைக்கும் சேர்த்து என்று மூடி, பூட்டு, காது எல்லாவற்றையும் இழுத்து மூடி ஒரு குல்லாய் போட்டார். பார்க்க அழகாகத்தான் இருந்தது. கொஞ்ச தூரம் போனதும் ஜீப் இரண்டு தும்மல் தும்மி நின்றது. ஸ்கேல் விட்டுப் பார்க்கலாம் என்று குல்லாயைக் கழற்றி மூடியைத் திருகினால், 'புஸ்' என்று காற்று உள்ளே போகும் சத்தம். உடனே வண்டி கிளம்பியது. குல்லாய் போட்டால் மறுபடி நின்றது.

விஷயம் இதுதான்: பழைய வண்டிகளில் டேங்குக்கு மூச்சு விடும் வழி பெரும்பாலும் மூடியில்தான் இருக்கும். பெட்ரோல் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காற்று வர வேண்டும். வராவிட்டால் உள்ளே வெற்றிடம் உண்டாகி, பம்ப் எவ்வளவு இழுத்தாலும் பெட்ரோல் வராது. காற்றோட்டம் இல்லாத புது மூடியை வாங்கி மாட்டினாலும் இதே கதிதான். திருடன் உறிஞ்ச முடியாதபடி பூட்டச் சொன்னோம், சித்தப்பா இன்ஜினும் உறிஞ்ச முடியாதபடி பூட்டியிருந்தார்.

இதைக் கேட்டுச் சிரித்துக்கொண்டே மெக்கானிக் அண்ணன் வண்டிக்கு அடியில் படுத்தார். "மேல எல்லாம் சரி ஐயா. டேங்கைக் கழுவ அடியில ஒரு நட்டு இருக்கே, அதுக்கு என்ன ஏற்பாடு?" சித்தப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவர் பக்கத்தில் படுத்துவிட்டார். வெகுநேரம் இரண்டு ஜோடிக் கால்கள்தான் தெரிந்தன. கடைசியில் நட்டின் தலையில் கம்பி முறுக்கிக் கட்டினார்கள்.

இவ்வளவுக்கும் பிறகு, சாவியை வீட்டில் வைத்துவிட்டு சித்தப்பா பங்க்குக்குப் போனார். மாற்றுச் சாவி பத்திரமாக ஜீப்பின் டூல் பாக்ஸுக்குள் இருந்தது. டூல் பாக்ஸும் அதே சாவிக்குத் திறக்கும் பூட்டில் இருந்தது. ஒரே சாவியாக இருந்தால் சௌகரியம் என்று அவரே கேட்டு வாங்கியது. பக்கத்தில் நின்ற லாரி டிரைவர் ஒருவர் இரண்டு ஸ்பேனரோடு வந்தார். "டக்" என்றது, பூட்டு கையோடு வந்துவிட்டது.

"இவ்வளவு சுலபமா?" என்று சித்தப்பாவின் முகம் தொங்கிப்போனது. குனிந்து காதைத் தடவிப் பார்த்தார். நெளிவில்லை, ஒரு கீறல்கூட இல்லை. டேங்க் நிரம்பியதும் எனக்குப் போன் வந்தது: "அதே பூட்டு. அதே சைஸ். இந்தத் தடவை ரெண்டா வாங்கிட்டு வா."