எச்சிஎன்4 நாட்குறிப்பு

ஜூன் 3

எச்சிஎன்4 மெதுவான சேனல் (செல்லின் சவ்வில் அயனிகளை விடும் புரத வாயில்) என்று படித்திருந்தேன். பொறுமையைச் சோதிக்கும் அளவுக்கு மெது என்பது இன்றுதான் உறைத்தது. −140 மில்லிவோல்ட்டுக்குத் தள்ளினால் சட்டென்று திறக்கிறது. −80-இல் வைத்தால் விநாடிக்கணக்கில் காத்திருக்க வேண்டும், அதுவரை செல்லும் தாக்குப்பிடிக்க வேண்டும். சோடியம், கால்சியம் சேனல்களெல்லாம் மின்னழுத்தம் ஏறும்போது திறப்பவை. இது இறங்கும்போது திறக்கும் பிறவி. 1979-இல் இதயச் செல்களில் இவ்வகைச் சேனல் வழியே ஓடும் மின்னோட்டத்தை விவரித்தவர்கள் 'ஃபன்னி கரன்ட்' (விசித்திர மின்னோட்டம்) என்று பெயர் வைத்ததில் வியப்பில்லை.

இதயத்துடிப்பு பிறக்கும் சைனஸ் கணுவில் இந்தக் குணம்தான் உதவுகிறது. ஒரு துடிப்பு முடிந்து செல்லின் மின்னழுத்தம் −60 அருகே இறங்கியதும் சேனல்களில் ஒரு சிறு பகுதி திறக்கிறது. சோடியம் உள்ளே கசிகிறது, மின்னழுத்தம் மெல்ல ஏறுகிறது. அப்புறம் கால்சியம் சேனல்கள் கைகொடுக்க, அடுத்த துடிப்பு வந்துவிடுகிறது.

ஜூன் 5

செல்லுக்குள் போய்ச் சேரும் பிப்பெட் கரைசலில் சைக்ளிக் ஏஎம்பி (செல்லுக்குள் செய்தி கடத்தும் சிறு மூலக்கூறு) சேர்த்துப் பார்த்தேன். எந்த மின்னழுத்தத்தில் எவ்வளவு சேனல் திறக்கும் என்ற வரைபடம் அப்படியே வலப்பக்கம் நகர்ந்தது, அதாவது மின்னழுத்தம் அவ்வளவு இறங்காமலே திறந்தது; புத்தகம் சொல்வதுபோல 15 மில்லிவோல்ட்டை ஒட்டி. எண்ணாகப் பார்த்தால் சின்னது. ஆனால் −60-இல் சில சதவீதச் சேனல்களே திறந்திருக்கும் இடத்தில் 15 மில்லிவோல்ட் நகர்வு என்பது பெரிய விஷயம்.

அட்ரினலின் பீட்டா ஏற்பியில் அமர்கிறது, அடினைலைல் சைக்ளேஸ் நொதி முடுக்கப்படுகிறது, சைக்ளிக் ஏஎம்பி பெருகுகிறது. இதுவரை எல்லாருக்கும் தெரிந்த கதைதான். அடுத்த படியில் கைனேஸ் நொதி வந்து சேனலில் பாஸ்பேட் ஒட்டும் என்று பலர் பழக்கதோஷத்தில் எழுதிவிடுகிறார்கள். 1991-இல் டிஃபிரான்செஸ்கோவும் டோர்டோராவும் கணுச் செல்லின் சவ்வில் ஒரு துண்டைப் பிய்த்தெடுத்து, அதன் உட்புறத்தில் சைக்ளிக் ஏஎம்பியை மட்டும் ஊற்றினார்கள். பாஸ்பேட் தரும் ஏடிபி இல்லை, கைனேஸ் வேலை செய்ய வழியே இல்லை. சேனல் அப்போதும் எளிதாகத் திறந்தது. மூலக்கூறு நேரடியாகவே சேனலில் போய் உட்காருகிறது என்பதற்கு இதைவிடச் சுத்தமான சோதனை வேண்டுமா? கைனேஸுக்கும் ஒரு பங்கு உண்டு என்று பின்னால் வந்த ஆய்வுகள் காட்டின, அது தனிக் கதை.

இன்னொன்று. சேனலின் வால்பகுதியில் சைக்ளிக் ஏஎம்பி ஒட்டும் இடத்தை வெட்டியெடுத்துவிட்டால் சேனல் முடங்குவதில்லை, எளிதாகத் திறக்கிறது. அதாவது அந்த வால் ஒரு பிரேக். சைக்ளிக் ஏஎம்பி செய்வது பிரேக்கிலிருந்து காலை எடுக்கும் வேலை.

ஜூன் 6

சவ்வுத் துண்டைப் பிரித்தெடுத்ததும் வரைபடம் இடப்பக்கம் சரிந்துகொண்டே போனது, சேனல் திறப்பது கடினமாகிக்கொண்டே வந்தது. இது தெரிந்த தொல்லைதான். சவ்வின் பிஐபி2 என்ற கொழுப்பு மூலக்கூறு குறைவது இதற்கு முக்கியக் காரணம், அதைத் திரும்பக் கொடுத்தால் சேனல் தேறுகிறது. சைக்ளிக் ஏஎம்பிக்குக் கிடைத்த புகழில் கால்வாசிகூட இதற்குக் கிடைக்கவில்லை.

ஜூன் 10

இதயத்தை மந்தமாக்கும் வேகஸ் நரம்பு பக்கம். அது விடும் அசிடைல்கோலின் பொட்டாசியம் சேனலைத் திறந்து இதயத்தை மெதுவாக்கும் என்பது பாடம். ஆனால் முயல் கணுச் செல்களில், அதற்குத் தேவையான அளவில் ஏறக்குறைய இருபதில் ஒரு பங்கு அசிடைல்கோலினே ஃபன்னி கரன்ட்டைக் குறைத்துவிடுகிறது. சைக்ளிக் ஏஎம்பி உற்பத்தியைக் குறைப்பதன் மூலம் இது நடக்கிறது. சாதாரண ஓய்வு நேர மந்தத்துக்கு இந்த வழியே முக்கியம் என்பது என் சாய்வு.

ஜூன் 14

சைக்ளிக் ஏஎம்பி ஒட்டவே முடியாத எச்சிஎன்4 கொண்ட எலிகளைப் பற்றி 2020-இல் வந்த கட்டுரையை மறுபடி படித்தேன். துடிப்பு மிக மெது, ஒழுங்கில்லை, இடையிடையே நின்று நின்று வருகிறது. வேகஸ் நரம்புக்கு மட்டும் அளவுக்கு மீறிப் பணிகிறது.

கட்டுரையாளர்கள் தரும் விளக்கம் நான் எதிர்பாராதது. கணுவில் துடிக்கும் செல்களோடு துடிக்காமல் சும்மா இருக்கும் செல்களும் உண்டு. சும்மா இருப்பவை பக்கத்துச் செல்களையும் இழுத்துப் பிடித்து, மொத்தத் தாளத்தையும் மெதுவாக்குகின்றன. எச்சிஎன்4-இல் சைக்ளிக் ஏஎம்பி ஒட்டும்போது துடிக்கும் செல்களின் பங்கு கூடுகிறது. ஒவ்வொரு செல்லும் எவ்வளவு வேகமாகத் துடிக்கிறது என்று மட்டும் பார்த்தால் இது கண்ணில் படவே படாது. ஒற்றைச் செல்லை அளந்து பிழைப்பு நடத்தும் எனக்குக் கொஞ்சம் குத்துகிற செய்தி.

அட்ரினலினுக்கு வேறு கைகளும் இருக்கின்றன. எல் வகைக் கால்சியம் சேனல், செல்லுக்குள் கால்சியத்தைச் சேமித்து வெளிவிடும் அமைப்பு எல்லாவற்றையும் அதே சைக்ளிக் ஏஎம்பி கைனேஸ் வழியாகத் தூண்டுகிறது. அட்ரினலினிலிருந்து எச்சிஎன்4-க்கு ஒரே அம்பு போடும் படத்தை இனி என் ஸ்லைடில் வைக்கப்போவதில்லை.

ஜூன் 17

சரி, அடுத்த வேலை. செல்லுக்குள் சவ்வு வலையாக இருக்கும் எண்டோபிளாச வலையில் உள்ள எல்ஆர்எம்பி, ஐராக் என்ற இரு உறவுப் புரதங்கள் எச்சிஎன்4-ஐ மட்டும் குறிவைக்கின்றன, அதன் உறவுச் சேனல்களான எச்சிஎன்1, எச்சிஎன்2 பக்கம் போவதில்லை. எல்ஆர்எம்பி இருந்தால் சைக்ளிக் ஏஎம்பி கொடுத்தாலும் சேனல் அசைவதில்லை. ஐராக் இருந்தால் சைக்ளிக் ஏஎம்பி இல்லாமலேயே எளிதாகத் திறக்கிறது. முதலில் எல்ஆர்எம்பியை என் செல்களில் சேர்க்கிறேன். அதே கரைசல், அதே −80, அதே காத்திருப்பு.