டெக்சாஸில் .45 வாங்கி லைசென்ஸ் எடுத்த அனுபவம்: எங்கெல்லாம் இழுத்தடித்தது

மறைத்து எடுத்துச் செல்ல .45 கேலிபர் கைத்துப்பாக்கி வாங்கப் போகிறீர்கள் என்றால், கடையில் முதலில் எடுத்து நீட்டுகிற துப்பாக்கியை வாங்காதீர்கள். "கன்சீல்டு கேரி" என்று வாயைத் திறந்ததுமே கௌண்டரில் நிற்பவரின் கை மிகச் சின்ன மாடலுக்குப் போய்விடுகிறது. 3.3 அங்குலக் குழல், 5 அல்லது 6 ரவுண்டு (தோட்டா), உள்ளங்கைக்குள் அடங்கும் உடல். கையில் வாங்கிப் பார்த்தால் பிடித்துப்போகும். "சுட்டுப் பார்த்துவிட்டு வாங்குகிறேன்" என்று சொன்னதற்கு எனக்குக் கிடைத்த பதில், "பக்கத்தில் நின்று சுடும்போது எல்லாம் ஒன்றுதான்." இல்லவே இல்லை. அந்த ஒரு வாக்கியத்தை நம்பி வாங்கியவர்கள்தான் பாதி விலைக்குத் திரும்ப விற்றுக்கொண்டிருக்கிறார்கள்.

விஷயத்துக்குள் போகும் முன் ஒரு எச்சரிக்கை. எச்-1பி, எச்-4, எஃப்-1 போன்ற விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியும் தோட்டாவும் வைத்திருப்பது ஃபெடரல் சட்டப்படி குற்றம். செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் வைத்திருப்பது போன்ற சில விலக்குகள் மட்டுமே உண்டு. ரேஞ்சில் (சுடும் பயிற்சி இடத்தில்) வாடகைக்கு வாங்கிச் சுடுவதும் இந்தக் குற்றத்தில் அடக்கம். நண்பர்கள் கூட்டமாக ரேஞ்சுக்குப் போய்ப் படம் எடுத்துப் போடுகிறார்கள், பின்னாளில் குடியுரிமை வழக்கறிஞரிடம் விளக்கம் சொல்ல வேண்டிய நிலை வரலாம். கிரீன் கார்டு இருந்தால் இந்தத் தடை இல்லை. அப்படி வாங்கக்கூடிய ஒருவர், வாங்க முடியாத நண்பருக்காகத் தன் பெயரில் வாங்கிக் கொடுத்தால் அது தனிக் குற்றம், சிறை வரை போகும்.

இனி கேலிபர், அதாவது தோட்டாவின் விட்டம். 9 மி.மீ. தோட்டாவின் தலை 0.355 அங்குல விட்டம், .45 ஏசிபி-யினுடையது 0.451. வழக்கமான எடை 9-க்கு 124 கிரெய்ன், அதாவது 8 கிராம்; .45-க்கு 230 கிரெய்ன், கிட்டத்தட்ட 15 கிராம். 9 வேகமாகப் போகும், நொடிக்கு 1,150 அடி அளவில். .45 மெதுவானது, 850 அடிக்குப் பக்கம். தோட்டா வெடிக்கும் அறையின் அழுத்தம் 9-க்கு 35,000 பிஎஸ்ஐ வரை, .45-க்கு 21,000 மட்டுமே. அதனால் .45-இன் சத்தம் 9-இன் அளவுக்குக் கூர்மையாக இருக்காது, ஆனால் உதை கனமாகத் தள்ளும். எடையையும் வேகத்தையும் பெருக்கிப் பார்த்தால் 9-ஐ விட மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடுதல். அந்தத் தள்ளலை வாங்கிக்கொள்ளத் துப்பாக்கிக்கு எடையும் வேண்டும், கைக்குப் பிடியும் வேண்டும். சின்ன மாடலில் இரண்டுமே இல்லை.

"பெரிய கேலிபர்தான் ஆளை நிறுத்தும்" என்று அடித்துச் சொல்பவர்களிடமும் கவனமாக இருங்கள். 1986 ஏப்ரல் 11 அன்று மியாமியில் நடந்த மோதலில் எஃப்பிஐ இரண்டு அதிகாரிகளை இழந்தது. அதன் பிறகு அவர்கள் 10 மி.மீ.-க்குப் போனார்கள். அதன் உதை பலருக்குக் கட்டுப்படவில்லை. 1990-இல் .40 எஸ்&டபிள்யூ என்ற கேலிபர் வந்தது. 2014-இல் அதே எஃப்பிஐயின் பயிற்சிப் பிரிவு, இன்றைய ஹாலோ பாயின்ட் (முனையில் குழியுள்ள, பட்டதும் விரியும்) தோட்டாக்கள் இருக்கும்போது 9 போதும், கேலிபர்களுக்கிடையே காயத்தில் பெரிய வித்தியாசம் இல்லை, 9-இல் பெரும்பாலானவர்கள் வேகமாகவும் குறி தப்பாமலும் சுடுகிறார்கள் என்று எழுதியது. இது தெரிந்தும் .45 வாங்கலாம். நான் வாங்கினேன், வருத்தமில்லை. தோட்டா விரியாமல் போனாலும் பெரிய துளை போடும் என்பது நியாயமான காரணம். ஆனால் ரவுண்டு எண்ணிக்கை குறையும், இடுப்பில் எடை கூடும், பயிற்சித் தோட்டாவுக்கு ஒன்றரை மடங்கிலிருந்து இரண்டு மடங்கு வரை செலவாகும். இந்த மூன்றையும் ஏற்றுக்கொள்ள முடிந்தால் மட்டும் மேலே போங்கள்.

அளவில்தான் காசு வீணாகிறது. குழல் 3 அங்குலத்துக்கு இறங்கும்போது .45-இன் ஏற்கெனவே குறைந்த வேகம் இன்னும் குறைகிறது. ஹாலோ பாயின்ட்டின் வாயில் சட்டைத் துணி அடைத்துக்கொண்டால், போதிய வேகம் இல்லாத தோட்டா விரியாமலே போகும். சின்ன .45-தான் வேண்டும் என்றால் குட்டைக் குழலுக்கென்றே செய்த தோட்டாவைப் பாருங்கள், ஸ்பியர் கோல்டு டாட்டில் அப்படி ஒரு வகை உண்டு. இரண்டாவது சிக்கல் ஸ்லைடு, சுடும்போது பின்னுக்குப் போய்வரும் மேல்பகுதி. அது நகரும் தூரம் குறைவு, ஸ்பிரிங் கடினம். மணிக்கட்டு கொஞ்சம் தளர்ந்தாலும் ஸ்லைடு முழுவதும் பின்னுக்குப் போகாது. காலி கேஸ் (சுட்ட தோட்டாவின் கூடு) வெளியேறும் வாயில் செங்குத்தாக மாட்டிக்கொண்டு நிற்கும், அல்லது அடுத்த ரவுண்டு பாதி ஏறி நிற்கும். 1911 என்கிற பழைய வடிவத் துப்பாக்கியின் 3 அங்குல மாடல்களில் இந்தப் புகார் அதிகம். 1911 வடிவம்தான் பிடிக்கும் என்றால் 4.25 அங்குலக் கமாண்டர் அளவுக்குக் கீழே இறங்காதீர்கள். கட்டைவிரல் சேஃப்டியைத் தள்ளுவது கைப்பழக்கமாகும் வரை அதை வெளியே எடுத்துச் செல்லவும் வேண்டாம்.

எனக்குச் சரிப்பட்டது குளோக் 30 அளவு. 3.8 அங்குலத்துக்குச் சற்றுக் குறைந்த குழல், 10 ரவுண்டு. குளோக் 36 இதைவிட மெல்லியது, ஆனால் 6 ரவுண்டுதான். 30-இன் கைப்பிடி தடிமனானது, விரல் குட்டையாக இருப்பவர்களுக்கு அங்கேதான் சிக்கல். சோதிப்பது சுலபம். துப்பாக்கி காலி என்று மேகசினை (தோட்டா அடுக்கும் பெட்டியை) கழற்றி, அறையைக் கண்ணாலும் விரலாலும் பார்த்து உறுதி செய்யுங்கள். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் உள்ள சதை குழலுக்கு நேர் பின்னால் வரும்படி பிடியுங்கள். பிடியைத் திருகாமல் ஆள்காட்டி விரலின் நுனிச் சதை ட்ரிகரில் உட்கார வேண்டும். உட்கார மணிக்கட்டைத் திருப்ப வேண்டியிருந்தால் அந்தத் துப்பாக்கி உங்களுக்கில்லை. 30-லேயே எஸ்எஃப் என்று பிடி சற்றுக் குறுகிய வகை உண்டு, அதையும் கேட்டுப் பாருங்கள். இன்னொரு வசதி, குளோக் 21-இன் 13 ரவுண்டு மேகசின் இதில் ஏறும். உதிரியாக அதை வைத்துக்கொள்ளலாம்.

வாடகைக்கு எடுத்துச் சுடும்போது குறியை மட்டும் பார்க்காதீர்கள். 7 கஜத்தில் ஒரு காகிதத் தட்டை மாட்டி, 5 ரவுண்டுகளை எவ்வளவு வேகமாகத் தட்டுக்குள் வைக்க முடிகிறது என்று ஷாட் டைமரில் பாருங்கள். அதையே 9 மி.மீ.-இல் செய்யுங்கள். .45-இல் நேரம் கொஞ்சம் கூடுவது இயல்பு. தட்டுக்கு வெளியே போகத் தொடங்கினால் 9-ஐ வாங்குங்கள், அதில் எந்தக் குறைச்சலும் இல்லை. சோதனையைக் களைத்த கையோடும் செய்ய வேண்டும். முதல் பத்து ரவுண்டில் எல்லாருமே நன்றாகச் சுடுகிறோம்.

அடுத்தது காகித வேலை. இதை நினைத்தால் இன்னும் எரிச்சல் அடங்கவில்லை. கடையில் துப்பாக்கி வாங்க நிரப்ப வேண்டிய ஃபெடரல் படிவம் 4473. அதில் எழுதும் முகவரியும் ஓட்டுநர் உரிமத்தில் உள்ள முகவரியும் ஒன்றாக இருக்க வேண்டும். வீடு மாறியிருந்தால் அரசு கொடுத்த, புது முகவரி உள்ள இன்னொரு தாள் வேண்டும். கடை ஊழியர் ஃபோனில் "கரண்ட் பில் போதும்" என்றார். நேரில் போனபோது இன்னொருவர் அதைக் கையில்கூட வாங்கவில்லை. டெக்சாஸில் பெரும்பாலும் மின்சாரம் விற்பது தனியார் கம்பெனி, அந்த பில் அரசு ஆவணம் ஆகாது. இரண்டாவது ஊழியர் சொன்னதுதான் சரி. முதலாமவர் தெரியாததைத் தெரிந்ததுபோல் சொன்னதால் ஒரு சனிக்கிழமை போனது. புது முகவரியோடு உள்ள நடப்புக் கார் ரெஜிஸ்ட்ரேஷன் தாள் செல்லும். அதைவிட, வீடு மாறிய 30 நாளுக்குள் உரிமத்தில் முகவரியை மாற்றிவிடுங்கள், எப்படியும் அது சட்டப்படி செய்ய வேண்டியதுதான்.

நம் ஆட்களுக்கென்றே உள்ள தலைவலி பெயர். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இல்லாமல் வந்தவர்களுக்கு விசாவில் "எஃப்என்யு" (முன்பெயர் தெரியாது) என்று முன்பெயர் விழுந்து, அது மற்ற அட்டைகளுக்கும் ஒட்டிக்கொண்டு வந்திருக்கும். உரிமத்தில் ஒரு மாதிரி, கிரீன் கார்டில் ஒரு மாதிரி இருந்தால் முதலில் அதைச் சரி செய்யுங்கள், பிறகு கடைக்குப் போங்கள். நடுப்பெயர் வெறும் இனிஷியல் என்றால் அந்த எழுத்துக்குப் பின் "ஐஓ" என்று எழுத வேண்டும். நடுப்பெயரே இல்லை என்றால் "என்எம்என்". வெறுமனே விட்டால் படிவம் திரும்பும். சோஷியல் செக்யூரிட்டி எண் கட்டாயம் இல்லைதான், ஆனாலும் நிரப்புங்கள். ஒரே பெயரும் பிறந்த தேதியும் உள்ள இன்னொருவரோடு உங்களைக் குழப்பிக்கொள்வதை அது குறைக்கும். கிரீன் கார்டு எண்ணைக் கையோடு கொண்டு போங்கள்.

பின்னணிச் சோதனையில் "டிலேடு" என்று வந்தால் பதற வேண்டாம், அது மறுப்பு அல்ல. மூன்று வேலை நாள் கழித்தும் எஃப்பிஐ-யிடமிருந்து முடிவு வராவிட்டால் கடை துப்பாக்கியைக் கொடுக்கச் சட்டம் அனுமதிக்கிறது. கொடுத்தே ஆக வேண்டும் என்று சொல்லவில்லை, பல கடைகள் பதில் வரும் வரை கொடுப்பதில்லை. பணம் கட்டும் முன் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள். அந்தச் சோதனை 30 நாளுக்குத்தான் செல்லும், அதற்குள் எடுக்காவிட்டால் மறுபடி முதலிலிருந்து. ஒவ்வொரு முறையும் தாமதமாகிறவர்கள் எஃப்பிஐ-யின் விஏஎஃப் (தாமே விவரம் கொடுத்துவைக்கும்) கோப்புக்கு விண்ணப்பித்து யுபின் என்ற தனி அடையாள எண் வாங்கிவிடலாம், அடுத்த படிவத்தில் அதை எழுதினால் போதும்.

ஹோல்ஸ்டரில் (துப்பாக்கி உறையில்) மாடல் பெயரின் ஓர் எழுத்து மாறினாலும் காசு போச்சு. குளோக் 30-க்கும் 30எஸ்-க்கும் ஸ்லைடு அகலம் வேறு. 30-க்குச் செய்த உறையில் 30எஸ் ஆடும். கடையில் "இரண்டுக்கும் ஒன்றே" என்பார்கள், வீட்டுக்கு வந்து காலித் துப்பாக்கியை வைத்துத் தலைகீழாகக் குலுக்கினால் உண்மை தெரியும். கைடெக்ஸ் (கெட்டிப் பிளாஸ்டிக்) உறை, ட்ரிகர் முழுவதும் மூடியிருக்க வேண்டும். துணி உறை வேண்டவே வேண்டாம். 1.5 அங்குலக் கெட்டியான பெல்ட்டும், இடுப்பில் ஒன்றிரண்டு அங்குலம் பெரிய பேன்ட்டும் இல்லாமல் 10 ரவுண்டு .45 நிற்காது, நாள் முழுக்க இழுத்துவிட்டுக்கொண்டே இருப்பீர்கள். முன்வயிற்றில் வைத்தால் சட்டையில் தெரியாது, காரில் உட்காரும்போது குத்தும். நாலு மணி நிலையில் (வலது பின் இடுப்பில்) வைத்தால் உட்காரச் சுகம், குனிந்தால் பிடி துருத்தும். கண்ணாடி முன் நிமிர்ந்து நின்று பார்ப்பது சோதனை அல்ல. குனிந்து ஷூ லேஸ் கட்டிப் பாருங்கள், கை தூக்கி மேல் அலமாரியை எட்டிப் பாருங்கள். உறையில் திரும்ப வைக்கும்போது அவசரமே வேண்டாம். சட்டை நுனி ட்ரிகருக்குள் சிக்கினால் அதுவே சுட்டுவிடும்.

வாங்கிய பிறகு, இடுப்பில் வைக்கப்போகும் அதே ஹாலோ பாயின்ட்டில் 100 ரவுண்டாவது எல்லா மேகசினிலும் மாற்றி மாற்றிச் சுடுங்கள். சாதாரண உருண்டைத் தலை ரவுண்டு ஓடியது என்பது எதையும் நிரூபிக்காது. இன்னொன்று, தினமும் இரவு இறக்கிக் காலையில் அதே ரவுண்டை அறையில் ஏற்றிக்கொண்டே இருந்தால் தோட்டாத் தலை கேஸுக்குள் கொஞ்சம் கொஞ்சமாக அமுங்கும், அழுத்தம் ஏறும். புது ரவுண்டு ஒன்றைப் பக்கத்தில் நிறுத்தி உயரம் பாருங்கள். நகத்தால் தடவினாலே தெரிகிற அளவு குட்டையாகிவிட்டால் அதைச் சுடாதீர்கள், ஒதுக்கிவிடுங்கள்.

2021 செப்டம்பர் 1 முதல் தகுதியுள்ள 21 வயதானவர்கள் லைசென்ஸ் இல்லாமலே எடுத்துச் செல்லலாம் என்று டெக்சாஸ் சொல்லிவிட்டது. "பிறகு எதற்கு எல்டிசி லைசென்ஸ்?" என்று கேட்பவர்களுக்கு: பள்ளிக்கு 1,000 அடிக்குள் துப்பாக்கியோடு போவது ஃபெடரல் குற்றம், அந்த மாநில லைசென்ஸ் உள்ளவருக்கு விலக்கு உண்டு. டெக்சாஸ் நகரங்களில் பள்ளியைத் தாண்டாமல் எங்கே போவது? வகுப்பு 4 முதல் 6 மணி நேரம், விண்ணப்பக் கட்டணம் 40 டாலர். சுடும் தேர்வு 50 ரவுண்டு: 3 கஜத்தில் 20, 7 கஜத்தில் 20, 15 கஜத்தில் 10. 250-க்கு 175 எடுத்தால் தேர்ச்சி. ஒழுங்காகப் பயிற்சி செய்தவருக்கு இது கடினமே இல்லை, கைரேகை நேரம் கிடைப்பதுதான் இழுத்தது. லைசென்ஸ் வந்தபின் போலீஸ் நிறுத்தி அடையாளம் கேட்டால், துப்பாக்கி உங்களிடம் இருக்கும்போது ஓட்டுநர் உரிமத்தோடு இதையும் காட்ட வேண்டும். ஸ்டியரிங்கில் இரு கையும் வைத்து, வாயால் சொல்லிவிட்டு, அவர் சொன்ன பிறகு எடுங்கள். வாசலில் 30.06 பலகை இருக்கிற இடத்துக்குள் மறைத்துக்கூடக் கொண்டு போகக் கூடாது, கோயில் ஆனாலும் சரி, மளிகைக் கடை ஆனாலும் சரி. சிவப்பில் 51% என்று போட்ட பலகை மதுக்கூடத்துக்கு, அங்கே லைசென்ஸும் காப்பாற்றாது.

வீட்டில் பிள்ளைகள் இருந்தால் பூட்டுப் பெட்டி வாங்கிய பிறகே துப்பாக்கி வாங்குங்கள். தோட்டா போட்ட துப்பாக்கியை அஜாக்கிரதையாக விட்டுவைத்து, அது 17 வயதுக்குட்பட்ட பிள்ளை கைக்குப் போனால் டெக்சாஸில் குற்றம்.

ரேஞ்சுக்கு எடுத்துப்போகும் பையை ஊருக்குப் போகும்போது எடுக்கவே எடுக்காதீர்கள். பையின் அடிமூலையில், தையலுக்குள் புகுந்த ஒற்றைத் தோட்டா போதும், சென்னை விமான நிலையத்தில் ஆயுதச் சட்டத்தில் வழக்கு ஆகிவிடும். அமெரிக்காவில் லைசென்ஸ் இருக்கிறது என்ற பேச்சு அங்கே எடுபடாது. ஜாக்கெட், ஜீன்ஸ் பையையும் கவிழ்த்துப் பார்த்துவிட்டு மூட்டை கட்டுங்கள்.