பயிற்சிக்கு ஆள் அனுப்பினால் போதுமா?

பயிற்சி என்று தகவல் வந்ததும் எங்கள் கரையில் பல குழுத் தலைவிகள் முதலில் கேட்பது, "நாளைக்கு யாரு சும்மா இருக்கா?" மிதவை கட்டுகிறவள், கடல்பாசி காயவைக்கிறவள், கணக்கு எழுதுகிறவள் எவளுமே சும்மா இருக்க மாட்டாள், அதனால் அந்த வேலையைத் தொட்டே பார்க்காத ஒருத்தி போய் பையும் நோட்டும் வாங்கி, மதியம் சாப்பிட்டு, கையெழுத்துப் போட்டுவிட்டு வருவாள். அவள்மேல் தப்பில்லை. ஆனால் ராமநாதபுரம் மாவட்டக் கரையில் மண்டபத்திலிருந்து தொண்டி வரை மகளிர் குழுக்களோடு வேலை பார்க்கிற எனக்கு இது ஆறவே மாட்டேன் என்கிறது, ஏனென்றால் சொல்லிக்கொடுக்க வருகிறவர்களில் நிறையப் பேர் விஷயம் தெரிந்தவர்கள், எங்கள் பெண்களும் சூட்டிகையானவர்கள், நடுவில் தலைவி செய்யவேண்டியது மட்டும் நடக்காமல் எல்லாம் வீணாகிறது.

பாசி வளர்ப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். 12 அடிக்கு 12 அடி மூங்கில் மிதவை, அதில் 20 கயிறு, ஒரு கயிற்றில் 20 இடத்தில் விதைப்பாசி, இடத்துக்கு 150 கிராம், ஆக மொத்தம் 60 கிலோ, 45 நாளில் அறுவடை. கேட்க ஐந்து நிமிஷம்கூட ஆகாது. ஆனால் 150 கிராம் ஈரப்பாசி கையில் எவ்வளவு கனம் என்பது அள்ளி, தராசில் வைத்து, கொஞ்சம் கிள்ளிப்போட்டு, திரும்ப அள்ளி, தராசே இல்லாமலும் அதே அளவு வரும்வரை பழகினால்தான் பிடிபடும். பயிற்சி ஹாலில் அதற்கு நேரம் இருக்காது. பயிற்சிக்குப் போனவள் ஊருக்கு வந்த கையோடு தலைவி அவளுக்கு ஒரு மிதவையை ஒதுக்கி, "இதை நீயே கட்டு, கூட ரெண்டு பேரை வச்சுக்க, நட்டம் வந்தா குழு பாத்துக்கும்" என்று சொல்லவேண்டும். ஒரு மாதம் போகட்டும் என்று விட்டால் போச்சு. எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர் பொருளில்லாத அசைகளை மனப்பாடம் செய்து தன்னையே சோதித்துப் பார்த்து 1885-ல் எழுதியது இதுதான்: படித்ததில் பெரும்பகுதி முதல் ஓரிரு நாளிலேயே கழன்றுவிடும், மறதி மெதுவாவது அதற்கப்புறம்தான்.

வேதாளைப் பக்கம் ஒரு தலைவி இருக்கிறார், எல்லாருக்கும் அக்கா. பயிற்சிக்கு முந்தின சாயங்காலம் எல்லாரையும் உட்காரவைத்து, போன தடவை எதில் அடிபட்டோம் என்று மட்டும் கேட்பார். ஓரா மீன் பாசியைக் கடித்துவிட்டது என்று ஒருத்தி சொல்வாள், முடிச்சு நழுவுகிறது என்று இன்னொருத்தி. மறுநாள் போகிறவள் கையில் அந்தக் கேள்விகள் இருக்கும்: மிதவைக்கு அடியில் கட்டுகிற வலைக்குக் கண் எவ்வளவு இருக்கணும்? திரும்பி வந்ததும் "எப்படி இருந்துச்சு" என்று கேட்கமாட்டார், "மதினிக்குச் சொல்லிக்காட்டு" என்பார். நோட்டைப் பார்க்காமல் சொல்லவேண்டும். தடுமாறுகிற இடத்தில் மறுபடி பயிற்சி கொடுத்தவருக்கே போன் போடுவார்கள். இதற்கு ஒரு பைசா செலவில்லை.

தேதி விஷயத்திலும் தலைவிக்குத் தைரியம் வேண்டும். பாக் நீரிணைப் பக்கம் வாடைக்காற்று எழும்பிவிட்டால் மிதவையை இறக்கவே முடியாது, ஐப்பசியில் பாசிப் பயிற்சி வைத்தால் செய்துபார்க்கத் தை வரை காத்திருக்கணும். "எங்களுக்கு அந்த மாசம் வேண்டாம் சார்" என்று தன்மையாகச் சொன்னால் பெரும்பாலும் கேட்பார்கள். விசைப்படகுக்காரர்களுக்கு என்றால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் இருக்கவே இருக்கிறது, ஆளும் கரையில், படகும் கரையில், இன்ஜினைப் பிரித்துப் போட்டே சொல்லிக்கொடுக்கலாம்.

அப்புறம் கூலி. இதை யாரும் பேசுவதில்லை. அன்றைய வருமானத்தை விட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிற பெண்ணுக்குப் பாடத்தில் மனசு எப்படி நிற்கும்? வேலை தெரிந்தவளை அனுப்பவேண்டும், முடிந்தால் இரண்டு பேராக, அவர்கள் இழக்கிற கூலியைக் குழுப் பணத்திலிருந்து கொடுக்கவேண்டும். அடுத்த கூட்டத்திலேயே பேசி, தீர்மான நோட்டில் எழுதி, எல்லாரும் கையெழுத்துப் போட்டுவிடுங்கள். அப்போதுதான் பிறகு யாரும் "அவளுக்கு மட்டும் ஏன்" என்று கேட்க மாட்டார்கள்.